சவுக்காரமும் சாக்லேட் சிலைகளும்

அம்மாச்சி வீட்டில் யாரும் சோப்பு என்று சொல்லமாட்டார்கள். சவுக்காரம்தான். மாதம் பிறந்ததும் தாத்தா சன்லைட் கட்டி வாங்கி வருவார், அம்மாச்சி அதை அப்படியே துவைக்கிற கல்லுக்கு அனுப்பமாட்டார். முறுக்கிய நூலை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் கட்டி வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு துண்டு துவைக்க, இன்னொன்று மாடக்குழியில். அங்கே பத்து நாள் காய்ந்தால் தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கரையாது என்பார். அந்த மாடக்குழியின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்த வாசம் என்று நாற்பது வயது வரை நான் யோசித்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சில சிலைகளின் படங்களைப் பார்த்தேன். அடர்ந்த பழுப்பு நிறம். குனிந்த ஆட்கள், முகத்தைக் கையில் தாங்கியவர்கள், குழந்தையை அணைத்துக்கொண்ட ஒரு தாய். வழுவழுப்பாக, லேசாக மினுங்கிக்கொண்டிருந்தன. மரம் என்று நினைத்தேன், அப்புறம் வெண்கலமோ என்று சந்தேகம் வந்தது. கீழே படித்தால் சாக்லேட். கொக்கோவும் பாமாயிலும் சேர்த்து வார்த்தவை. செய்தவர்கள் காங்கோ ஜனநாயகக் குடியரசில் லுசங்கா என்ற ஊரைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள். க்விலு ஆறும் க்வெங்கே ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிற அந்த ஊருக்கு முன்பு லெவர்வில் என்று பெயர். லீவர் என்பவரின் ஊர். சன்லைட் சவுக்காரம் செய்த அதே லீவர்.

அம்மாச்சியின் நூல் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. அதற்கப்புறம் அந்தப் படத்தை மூட முடியவில்லை, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெனிஸுக்கோ காங்கோவுக்கோ நான் போனதில்லை, படங்கள், காணொளிகள், புத்தகங்கள் வழியாகத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வில்லியம் லீவர் 1884இல் சன்லைட்டை ஆரம்பித்தார். மாட்டுக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெயை அதிகம் சேர்த்த சோப்பு அது. நன்றாக நுரைத்தது, நன்றாக விற்றது. 1888லேயே கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் பெட்டிகள் இறங்கிவிட்டன. விற்பனை ஏற ஏற எண்ணெய் போதவில்லை. பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய தோட்டம் போட அந்த அரசு இடம் கொடுக்கவில்லை. அதனால் காங்கோவை அப்போது ஆண்டுகொண்டிருந்த பெல்ஜியத்திடம் போனார். 1911இல் ஒப்பந்தம் ஆனது. காங்கோவின் வரைபடத்தில் ஐந்து வட்டங்கள், ஒவ்வொன்றும் 60 கிலோமீட்டர் ஆரம், அந்த வட்டங்களுக்குள் மொத்தம் 7,50,000 ஹெக்டேர் வரை எடுத்துக்கொள்ளலாம். காம்பஸை ஊன்றி வட்டம் போட்ட கைக்கு அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்த வட்டங்களுக்குள் இருந்தது எண்ணெய்ப்பனை, மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்கிற மரம். பிறந்த மண் ஆப்பிரிக்கா. நம் பனையேறிகள் போலவே அங்கேயும் ஆட்கள் மரமேறுவார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிற்று வளையம் போட்டுக்கொண்டு ஏறி, உச்சியில் முள்ளுக்கு நடுவே கையை விட்டுக் குலையை வெட்டித் தள்ளுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதைச் சுமந்து போவார்கள். இத்தனை குலை என்று கணக்கு. காசாகக் கட்ட வேண்டிய வரி. வேலைக்கு வராதவனைப் பிடித்து வர அரசாங்கமே ஆள் அனுப்பும். தன் காட்டில் தன் பாட்டன் ஏறிய மரத்தில் கம்பெனிக்காக ஏற வேண்டிய நிலை. பனையேறி குடும்பத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "விழுந்தா யாரு பாப்பா?"

1930 வாக்கில் உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்தது. குலைக்குக் கொடுத்த விலையைக் குறைத்தார்கள், வரியைக் குறைக்கவில்லை. 1931இல் அந்தப் பகுதியில் வாழ்கிற பெண்டே இன மக்கள் கிளர்ந்தார்கள். மாக்சிமிலியன் பலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்கு ராணுவம் வந்து பெண்டே மக்களில் ஐந்நூறு பேருக்கும் மேல் கொன்றது. ஒரு பக்கம் ஒரு பெயர், மறுபக்கம் ஓர் எண். ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரைக்கூட என்னால் இங்கே எழுத முடியவில்லை, பலோவின் முழுப்பெயரை எழுத முடிகிறது. எழுதும்போதே அது உறுத்துகிறது.

பலோ இறந்த பிறகு பெண்டே மக்கள் மரத்தில் அவருடைய உருவம் ஒன்றைச் செதுக்கினார்கள். அவர் நினைவைப் போற்றச் செய்ததில்லை. அந்த ஆவி கோபத்தோடு அலையாமல் உருவத்துக்குள் கட்டுண்டு, தங்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் செய்தது. நம் ஊரில் கொலையுண்டவர்களுக்குப் பீடம் எழுப்பி, ஆவியை நிலைநிறுத்தி, காவலுக்கு வைக்கிறோமே, அதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் அந்த உருவத்தைக் காங்கோவில் விலைக்கு வாங்கினார். 2015இல் அது அமெரிக்காவின் விர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டி வைத்த ஆவி கண்ணாடிப் பெட்டிக்குள், கடலுக்கு அப்பால்.

இனிக் கலைக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். லீவர் ஒரு கலைப்பிரியர். போர்ட் சன்லைட் என்று தன் தொழிலாளர்களுக்காக இங்கிலாந்தில் அழகான ஊர் கட்டினார், 1922இல் அங்கே மனைவி பெயரில் ஓவியக் கூடமும் திறந்தார். அவர் கம்பெனிதான் பிறகு யூனிலீவர் ஆனது. லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் 2000 முதல் 2012 வரை வருடா வருடம் நடந்த மாபெரும் கலைக் காட்சிகளுக்கு யூனிலீவர் வரிசை என்றே பெயர். உலகின் பெரிய கலைஞர்கள் அந்த மண்டபத்தில் வேலை செய்தார்கள். 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அங்கே பீங்கானில் செய்த பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஜிங்தெஜென் என்ற சீன நகரத்தில் 1,600 பேர் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவை. உலகம் முழுக்க மலிவாகப் போகிற பொருளுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று யோசிக்க வைத்த வேலை அது, எனக்கு மிகவும் பிடித்தமானதும்கூட. பார்வையாளர்கள் விதைகளின் மேல் நடந்தார்கள், அள்ளினார்கள், படுத்தார்கள். சில நாட்களில் பீங்கான் தூசி எழுவதைக் கண்டு, மூச்சில் போனால் உடம்புக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தள்ளி நின்றுதான் பார்க்க முடிந்தது.

சரியான முடிவு. அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஒரு காட்சிக்கூடத்தில் தூசியைச் சில நாட்களில் கண்டுபிடித்து நிறுத்த முடிகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

ரென்சோ மார்டென்ஸ் என்று ஒரு டச்சுக் கலைஞர். 2008இல் காங்கோவில் அவர் எடுத்த படம் ஒன்று பார்ப்பவரைக் கோபப்படுத்துவதற்காகவே எடுத்தது போல் இருக்கும். அதில் அவர் உள்ளூர்க் கல்யாண போட்டோக்காரர்களிடம், கல்யாணம் எடுத்தால் சில்லறைதான் கிடைக்கும், பட்டினியால் வாடும் குழந்தைகளை எடுங்கள், வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் விற்றுச் சம்பாதிக்கிறார்கள், உங்கள் வறுமைதான் உங்கள் நாட்டின் பெரிய வளம் என்கிறார். அவர்களும் எடுக்கிறார்கள். படங்களைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்காரர்களிடம் போனால் கதவு திறப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவன் அந்தக் குழந்தையைப் படமெடுத்து விற்கலாம். அந்தக் குழந்தையின் ஊர்க்காரன் விற்க முடியாது. அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. போட்டோக்காரர்களின் முகத்தில் முதலில் தெரிந்த நம்பிக்கை, கடைசியில் ஒன்றும் பேசாமல் நின்ற நிலை. இந்த மனிதர் அவர்களை வைத்து விளையாடுகிறாரே என்று மார்டென்ஸ் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் அவர் காட்டிய கணக்கு உண்மையான கணக்கு. துயரத்தைப் பற்றிய கலைக்கு நியூயார்க்கிலும் லண்டனிலும் சந்தை இருக்கிறது. படம் மாட்டிய தெருவில் காபிக்கடை வரும், வாடகை ஏறும், கலைஞருக்கு விருது வரும். படத்தில் இருக்கிறவரின் ஊருக்கு என்ன வரும்? நான் பார்த்து நெகிழ்ந்த எத்தனையோ படங்களைப் பற்றி இப்படிக் கேட்டுப் பார்த்தேன். பல படங்களுக்குப் பதில் இல்லை.

2014இல் லுசங்காவில் காங்கோ தோட்டத் தொழிலாளர் கலைக் குழு தொடங்கியது. மார்டென்ஸும் அதில் இருந்தார். தலைவர் ரெனே ங்கொங்கோ, காங்கோ காடுகளுக்காக வெகுகாலம் போராடியவர், அதற்காக 2009இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றவர். அவரைப் போன்ற காட்டுக்காரர் ஒருவர் இந்தக் குழுவுக்குத் தலைவராக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்முறை எளிமையானது. ஆற்றுக் களிமண்ணில் சிலை செய்வார்கள். அதைக் கணினியில் முப்பரிமாணமாகப் பதிவு செய்து நெதர்லாந்துக்கு அனுப்புவார்கள். அங்கே அச்செடுத்து சாக்லேட்டில் வார்ப்பார்கள். தோட்டத்தில் விளைந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கொக்கோவும் பாமாயிலும் இப்போது அந்தத் தோட்டக்காரர்களின் உருவத்திலேயே போய் நிற்கின்றன. 2017 ஜனவரியில் நியூயார்க்கில் காட்சி வைத்தார்கள், சிலைகள் விற்றன.

விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். இந்த வரிக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். வட்டம் போட்டு எடுத்துக்கொண்ட நிலத்தை, ஒற்றைப் பயிர் போட்டுச் சத்தெல்லாம் உறிஞ்சிய பிறகு கம்பெனி விட்டுப் போன நிலத்தை, பாட்டன் நிலத்தைப் பேரப்பிள்ளைகள் சிலை விற்றுக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். இருநூறு ஹெக்டேர் வரை வந்துவிட்டது, நம் கணக்கில் சுமார் ஐந்நூறு ஏக்கர். அங்கே செம்பனையை மட்டும் வரிசையாக நடுவதில்லை. உணவுப் பயிர், கொக்கோ, காட்டு மரம் எல்லாம் கலந்து நடுகிறார்கள். தன் நிலத்தைத் தானே விலை கொடுத்து வாங்குவது அநியாயம் என்பார்கள். அநியாயம்தான். ஆனாலும் அந்த மண்ணில் மரவள்ளி நடுகிறவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தச் சிலைகளில் ஒன்று இரேன் காங்கா செய்தது. பெயர் 'கட்டாயக் காதல்'. வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு பெண்டே பெண்ணைப் பலவந்தம் செய்வது. 1931 கலகத்தை மூட்டிய பொறிகளில் அதுவும் ஒன்று. வரலாற்றுப் புத்தகங்கள் குலையின் விலை, வரி என்று காரணம் எழுதும். அந்த ஊர்ப் பெண் களிமண்ணை எடுத்தால் முதலில் வருவது இது. படத்தைப் பார்த்து வெகுநேரம் பேச்சே வரவில்லை எனக்கு. சாக்லேட் என்பதால் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற பொருள், அதில் இந்தக் காட்சி.

2017 ஏப்ரலில் லுசங்காவில் வெள்ளைப் பெட்டி போல் ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். பெரிய நகரங்களின் கலைக்கூடங்கள் எப்படி இருக்குமோ அப்படியே, பச்சைப் பசேலென்ற இடத்தில் சதுர வெள்ளைக் கட்டடம். ஐரோப்பியக் கட்டட நிறுவனம் வடிவமைத்தது. இதைப் பற்றி நிறைய விமர்சனம் உண்டு. ஊரில் இல்லாததெல்லாம் எவ்வளவோ இருக்க, வெள்ளைச் சுவர் எதற்கு? வெள்ளைக்காரர் ஒருவரின் கலைத்திட்டத்தில் கறுப்பின மக்கள் பாத்திரங்களாகிவிட்டார்களா? நியாயமான கேள்விகள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. 2024இல் நடந்ததைப் படித்தபோது கொஞ்சம் இளகினேன்.

அந்த ஆண்டு வெனிஸ் கலைத் திருவிழாவில் நெதர்லாந்து தன் அரங்கை இந்தக் குழுவிடம் கொடுத்தது. அதே நேரத்தில் லுசங்காவின் வெள்ளைக் கூடத்திலும் காட்சி, இரண்டுக்கும் நடுவே நேரலை. லுசங்காவில் நடுநாயகமாக இருந்தது பலோவின் மர உருவம். விர்ஜீனியா அருங்காட்சியகம் கடனாக அனுப்பியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மோதலும் நடந்தது. கேட்டபோது உருவம் கிடைக்கவில்லை என்பதால் 2022இல் குழுவினர் அதன் படத்தை டிஜிட்டல் துண்டுகளாக்கி விற்று அந்தப் பணத்தையும் நிலம் வாங்கப் போட்டார்கள். அனுமதியில்லாமல் எங்கள் படத்தை எடுத்தீர்கள் என்று அருங்காட்சியகம் கோபித்துக்கொண்டது. யாருடைய படம், யாருடைய உருவம், யாருடைய ஆவி? கடைசியில் அனுப்பினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்த உருவம் காங்கோ மண்ணுக்கு வந்தது. நவம்பர் 24ஆம் தேதி வெனிஸ் காட்சி முடிகிற வரைக்கும். கடனாக.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். வராமல் முடியாது, கம்பெனி ஒன்றுதான்.

1980களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பிரித்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பாண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து அது பிறகு யூனிலீவரின் இந்தியக் கம்பெனியான இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. ஆலை நின்றது பாம்பார் சோலைக்கு மேலே, மலைவிளிம்பில். 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகப் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் கண்டுபிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஆலை மூடியது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஏரி மீனிலும் மரப்பாசியிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள்.

முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களின் உடல்நலக் குறைவுக்கு ஆலை காரணமில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் இதைப் பற்றிப் பாடிய ராப் பாட்டு வந்தது. சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி. பாட்டுதான் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால், பத்து வருடம் படியேறிய தொழிலாளர்களுக்குச் செய்கிற துரோகம் ஆகும். ஆனால் பாட்டு வந்த எட்டாவது மாதம் உடன்பாடு வந்தது என்பதும் உண்மை. படம்பிடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்பதையும் சொல்லிக் கேட்ட பாட்டு அது. காங்கோக்காரர்கள் சிலைக்கு நிலம் என்றார்கள், இந்தப் பெண் பாட்டுக்கு நஷ்டஈடு என்றாள். இரண்டும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிகின்றன.

ஆலை மூடியதற்கும் உடன்பாட்டுக்கும் நடுவே பதினைந்து வருடம். லண்டனில் பீங்கான் தூசிக்குச் சில நாட்கள்.

போன டிசம்பரில் கொடைக்கானல் போயிருந்தேன். ஏரியில் படகு, ஹோம்மேட் சாக்லேட் கடைகள், கூட்டம். சாக்லேட் கடை ஒன்றில் என் மகள் பெட்டிக்குள் கை நீட்டி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள், நான் காசு கொடுத்தேன், வேறு எதையும் அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் காலை தனியாக ஆலைப் பக்கம் நடந்தேன். பனி. சாலையோர மரங்களில் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. கொடைக்கானலில் எங்கே போனாலும் அதைத் தடவிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்து பழக்கம், ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும். அன்றைக்குக் கை நீட்டிவிட்டுத் தொடாமல் இழுத்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்க அந்தப் பாசிக்கும் மற்றப் பாசிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, அதே பச்சை, அதே ஈரம். பள்ளத்துக்குக் கீழே பாம்பாறு ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர் கீழே இறங்கி எங்கள் வைகைக்கு வருகிறது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றேன். பெரியவர் ஒருவர் கடை. அந்த ஆலை இருந்த இடத்தை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் வடிகட்டியை டம்ளர் மேல் வைத்து, கொதிக்கிற பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அது கம்பெனி இடம் தம்பி."